பங்காளி வீட்டு ஓடு ஒழுகுது: முதல் ஆளா எப்படி ஆரம்பிக்கிறது?

வளவுச்சாவி
ஆடி 4

செட்டிநாட்டுல பள்ளத்தூர் பக்கம் எங்க ஐயாக்கள் (தாத்தாமார்) கட்டின நகரத்தார் வீடு. மூணு அண்ணன் தம்பி வழி, இன்னைக்குப் பங்குக்காரங்க மொத்தம் 17 பேர். சென்னை, கோயம்புத்தூர், மலேசியா, சிங்கப்பூர்னு இருக்காங்க. காரைக்குடியில இருக்கிறது நான் ஒருத்திதான், அதனால சாவி எங்கிட்ட.

வளவுல, அதாவது நடுவாசலைச் சுத்தி இருக்கிற கட்டுல, மேற்குப் பத்தியில (தாழ்வாரத்துல) மூணு இடத்துல ஒழுகல். ஓட்டைத் தாங்குற சாய்வுக் கைமரத்துல கறுப்புக் கறை. ரெண்டாம் கட்டு மட்டப்பாவுல (மொட்டை மாடித் தளத்துல) ரெண்டு அரசங்கன்னு முளைச்சிருக்கு. மழை பெய்ஞ்சா வளவு வாசல்ல தண்ணி வடிய ரெண்டு நாள் ஆகுது.

"நீ ஆரம்பி, நாங்க இருக்கோம்"னு எல்லாரும் சொல்றாங்க. ஓட்டைப் பிரிச்ச பிறகு பாதியில நின்னா என்ன செய்யறது, காசு கேட்டு மனக்கசப்பு வந்தா என்ன செய்யறதுங்கிற பயத்துலயே மூணு ஐப்பசி போயிருச்சு. பார்த்த கொத்தனார் ஒருத்தர் ஓட்டை எடுத்துட்டு கான்கிரீட் போட்டுறலாம்னார். இந்த மழைக்கு முன்னால எதுல, யாரை வச்சு, எந்த வரிசையில கை வைக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓடுமேய்ச்சல்

ஆச்சி, இந்த வருஷத்துக்குத் தண்ணியை வெளியே அனுப்புற வேலை மட்டும் போதும். சுவர், தரை, தூண், வர்ணம் எதையும் தொட வேண்டாம். "வீட்டை மராமத்து பண்ணணும்"னு நினைச்சா யாருக்கும் கை நடுங்கும். "மேற்குப் பத்தி ஓடு, ஒரு கூடுவாய் (ரெண்டு ஓட்டுச் சரிவு சேர்ற பள்ளம்), ஒரு சலதாரை (வாசல் தண்ணி வெளியே போற வடிகால்)"னு எழுதிப் பாருங்க. ரெண்டு ஓட்டு ஆளும் ஒரு சித்தாளும் ஒரு வாரத்துல முடிக்கிற வேலை அது. ஐப்பசி பிறக்க மூணு மாசம் இருக்கு, நேரம் தாராளம்.

சலதாரையில ஆரம்பிங்க. செலவு குறைவு, ஏணி வேண்டாம், பலன் அடுத்த மழையிலேயே தெரியும். 1,000 சதுர அடி ஓட்டுல 5 சென்டிமீட்டர் மழை பெய்ஞ்சா ஏறக்குறைய 4,600 லிட்டர். வளவைச் சுத்தி நாலு சரிவும் உள்பக்கம்தான் இறங்குது, அத்தனையும் அந்த ஒரு வாசலுக்குத்தான் வரும். அது ரெண்டு நாள் நின்னா வளவுச் சுவரோட அடியில ஈரம் ஏறும், தூணோட அடிக்கட்டை ஊறும். வாசல் மூலையில இருக்கிற சலதாரை வாயைத் தூர் வாரி, மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டுப் பாருங்க. எத்தனை அடியில தட்டுதுன்னு அளந்து குறிச்சுக்கங்க. தெருப்பக்கம் வெளிவாயைத் தேடுங்க. பெரும்பாலும் அடைப்பு அங்கதான் இருக்கும். தெருவில ரோடு போடும்போது மட்டம் உயர்ந்து வாய் புதைஞ்சு போயிருக்கும். அப்படி இருந்தா எவ்வளவு குத்தினாலும் தண்ணி போகாது, வெளிவாயைத் தோண்டித் திறந்தாதான் வழி.

அடுத்தது ஓடு. ஒழுகுற இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைஞ்சிருக்கும்னு நம்பாதீங்க. தண்ணி கைமரத்து மேலயே வழிஞ்சு நாலஞ்சு அடி கீழே வந்துதான் சொட்டும். நல்ல வெயில் நாள்ல உச்சிப்பொழுதுக்கு எல்லாக் கதவையும் சாத்திட்டு உள்ளே இருட்டுல நின்னு அண்ணாந்து பாருங்க. வெளிச்சப் புள்ளி தெரியற இடம் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துக் கைமரத்துல சுண்ணாம்புக்கட்டியால நம்பர் போடுங்க, போட்டோ எடுங்க. ஆள் மேலே ஏறும்போது கீழே இருந்து அந்த நம்பருக்கு நேரா ஒரு குச்சியால தட்டினா இடம் பிசகாது.

நாட்டு ஓட்டுல நடக்கிற கோளாறு மூணு. மயிலும் குரங்கும் நடந்து ஓடு நகர்ந்திருக்கும். வேப்பிலை மக்கி மண்ணாகி, ஓட்டு வாய்க்காலை அடைச்சிருக்கும், தண்ணி பக்கவாட்டுல ஏறி உள்ளே இறங்கும். ரீப்பர், அதாவது ஓடு உட்கார்ற மெல்லிய மரச்சட்டம், இத்துப்போய் வரிசையே தொய்ஞ்சிருக்கும். முதல் ரெண்டும்னா பிரிச்சு, தேங்காய் நார் பிரஷ்ஷால தேய்ச்சு, அதே ஓட்டை மறுபடி அடுக்கினாப் போதும். பிரிக்கும்போது நூத்துக்குப் பத்துப் பதினஞ்சு உடையும்னு கணக்கு வச்சுக்கங்க. பழைய ஓடு அளவு இன்னைக்கு வர்ற ஓட்டோட சேராது. அதனால ஊர்ல இடிச்ச வீட்டு ஓடு வாங்கும்போது உங்க ஓடு ஒண்ணைக் கையோட எடுத்துட்டுப் போய் மேலே வச்சுப் பார்த்து வாங்குங்க.

முக்கியமானது: அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மூட முடியற அளவுதான் அன்னைக்குக் காலையில பிரிக்கணும். ஆவணி, புரட்டாசியில நம்ம பக்கம் சாயங்கால இடிமழை சொல்லாம வரும். இந்த ஒரு விதியைப் பிடிச்சுக்கிட்டா, நீங்க பயப்படுற "பாதியில நிக்கிறது" நடக்காது. எந்த நாள் நிறுத்தினாலும் வீடு மூடியேதான் இருக்கும்.

கூடுவாய்த் தகடு துருப்பிடிச்சு ஓட்டையா இருந்தா மாத்தியே ஆகணும். கறுப்புக் கறை மூலைக்கிட்ட இருந்தா காரணம் அதுதான். துத்தநாகம் பூசின தகடு, பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில குறைஞ்சது 9 அங்குலம் ஏறணும். ரெண்டு துண்டா வந்தா மேல்துண்டு கீழ்துண்டு மேலே 6 அங்குலம் படியணும். அலுமினியம் வேண்டாம். பக்கத்துல சுண்ணாம்புச் சாந்து ஈரமாப் பட்டா அரிச்சிரும்.

முடிஞ்சதும் தண்ணி விட்டுப் பார்க்காம கூலி தீர்க்காதீங்க. ஓஸ் பைப்பை முதல்ல தாழ்வாரத்து ஓரத்துல பத்து நிமிஷம், பிறகு நடுவுல பத்து நிமிஷம், கடைசியா முகட்டுல. கீழேயிருந்து மேலே போனாதான் எந்த வரிசையில ஒழுகுதுன்னு பிரிச்சுக் கண்டுபிடிக்கலாம். முகட்டுல ஆரம்பிச்சா எல்லாம் கலந்துரும்.

பங்குக்கணக்கு

ஓட்டு வேலையை மேலே சொல்லிட்டாங்க. ஆளைச் சேர்க்கிறதுக்கு வர்றேன். நம்ம ஊர் வீடுகள்ல வேலை நிக்கிறது ஓடு கிடைக்காம இல்ல. கையெழுத்துல நிக்கும், இல்லாட்டி கணக்குல நிக்கும்.

17 பேர்கிட்டயும் ஒரே நேரத்துல கேட்காதீங்க. வாட்ஸ்அப் குழுவுல "என்ன செய்யலாம்"னு போட்டா 17 யோசனை வரும். அதுல ஒருத்தர் "வித்துறலாம்"னு சொல்வார், பேச்சு அங்கேயே முடிஞ்சிரும். மூத்தவர் வழி, நடுவுள்ளவர் வழி, இளையவர் வழின்னு வழிக்கு ஒருத்தர், மூணே பேர். அவங்க வழியில மத்தவங்க மதிக்கிற ஆளாப் பாருங்க, காசு உள்ளவரா இருக்கணும்னு இல்ல. அந்த மூணு பேர்கிட்டயும் போன்ல தனித்தனியாப் பேசுங்க. கேட்கிறதையும் பிரிச்சுக் கேளுங்க: ஒருத்தர் கணக்கு, ஒருத்தர் அவங்க வழியில கையெழுத்து வாங்குறது, ஒருத்தர் வேலை நடக்கிற வாரத்துல தினமும் ராத்திரி உங்ககூடப் போன்ல பேசறது. கடைசி வேலையைச் சின்னதா நினைக்காதீங்க. மேலே ஆள் நிக்கும்போது "இந்த உத்திரமும் போயிருக்கு, என்ன செய்ய?"ன்னு கேட்டா, தனியா முடிவெடுக்கிற பாரம் உங்க தலையில இருக்கக்கூடாது.

சம்மதக் கடிதம் சாதாரணத் தாள்ல போதும், கையெழுத்துப் போட்டு ஸ்கேன் அனுப்பினாப் போதும். வாசகம் இப்படி இருக்கட்டும்:

"மேற்படி வீட்டின் ஓடு, கூடுவாய், சலதாரை மராமத்துக்கு மட்டும் சம்மதிக்கிறேன். இந்தச் செலவினால் யாருடைய பங்கும் கூடவோ குறையவோ செய்யாது. செலவு ரூ. ____ தாண்டினால் மறுபடி கேட்டுச் செய்யவும். வேலை முடிந்து 15 நாளில் பில் நகலோடு கணக்குக் காட்ட வேண்டும்."

ரெண்டாவது வரிதான் உயிர். காசு போட்டவர் நாளைக்குக் கூடுதல் பங்கு கேட்பார்னு போடாதவர் பயப்படுவார், போடாட்டா பங்கு போயிரும்னு இன்னொருத்தர் பயப்படுவார். அந்த ஒரு வரி ரெண்டு பயத்தையும் தீர்த்துரும். "பவர் ஆஃப் அட்டர்னி"ங்கிற சொல்லை இந்தப் பேச்சுல எடுக்கவே வேண்டாம். மராமத்துக்கு அது தேவையில்ல. பவர்னு கேட்டதும் விற்கப் போறாங்கன்னு நினைச்சு, கையெழுத்துப் போட இருந்தவரும் நிறுத்திருவார். பாகப்பிரிவினைப் பேச்சையும் இதோட கலக்காதீங்க.

பெண்மக்களை விட்டுறாதீங்க. கட்டிக் கொடுத்த ஆச்சிமாரையும் அத்தைமாரையும் கேட்காமச் செய்யறது பழக்கமா இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. 20.12.2004-க்கு முன்னால பதிவான பாகப்பிரிவினை இருந்தா அது வேற கதை, வக்கீல்கிட்ட காட்டிக்கங்க. சட்டத்தை விடுங்க, முதல்ல காசு அனுப்புறதும் பல வீட்டுல அவங்கதான்.

செலவைப் பிரிக்கிறதுல எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஒண்ணு உண்டு. கோயில் வரி புள்ளிக் கணக்குல (கல்யாணமான குடும்பத்துக்கு ஒரு புள்ளி) கொடுத்துப் பழகிட்டோம், அதே பழக்கத்துல வீட்டுச் செலவையும் தலைக்கு இவ்வளவுன்னு பிரிச்சுருவோம். வீட்டுக்குப் பங்குக் கணக்குதான் சரி. 1,20,000 ரூபாய் செலவுன்னு வைங்க. வழிக்கு 40,000. மூத்தவர் வழியில 8 பேர் சமபங்குன்னா ஆளுக்கு 5,000. நடு வழியில 5 பேர்னா 8,000. இளையவர் வழியில 4 பேர்னா 10,000. "எங்களுக்கு மட்டும் ஏன் இரட்டிப்பு"ன்னு கேள்வி வரும். அவங்க பங்கும் 12-ல் ஒண்ணு, மூத்த வழியில 24-ல் ஒண்ணுதான்னு பக்கத்திலேயே எழுதிக் காட்டிட்டா யாரும் மறுக்க மாட்டாங்க. கேட்ட பிறகு விளக்கினா சமாளிக்கிற மாதிரி இருக்கும், முதல் தாள்லேயே எழுதுங்க.

பணம் உங்க சொந்தக் கணக்குல வரக்கூடாது. உங்க பேரும் இன்னொரு வழிக்காரர் பேரும் சேர்ந்து புதுசா ஒரு கூட்டுக் கணக்கு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாதான் எடுக்கலாம்னு இருக்கட்டும். கூலி ரொக்கம்னா அன்னன்னைக்கு நோட்டுல எழுதி ஓட்டு ஆள்கிட்டயும் கையெழுத்து வாங்குங்க.

ஒரு வழி காசு தராட்டா காத்திருக்காதீங்க. ரெண்டு வழிக் காசுக்கு எவ்வளவு ஓடு வருமோ அவ்வளவு செய்ங்க, மூணாவது பேருக்கு நேரா "வரவேண்டியது"ன்னு மட்டும் எழுதுங்க, வட்டி போடாதீங்க. கணக்கைப் பிள்ளையார் நோன்புக்கு எல்லாரும் கூடும்போது வாசிங்க. நோன்பு இழை (மாவுல வச்சு ஏத்தின திரி) எடுத்துக்கிட்ட பிறகு, ஒழுகாத வளவுல உட்கார்ந்து கேட்கிற கணக்கு அது. அந்த வருஷமே பாதிப் பேர் நிலுவையைத் தீர்த்துருவாங்க.

தேவகோட்டைரஸ்தா

நேரம் பத்தலேன்னா இந்த மழைக்கு மட்டும் ஓட்டு மேலே தார்ப்பாய் விரிச்சு மணல் மூட்டை வச்சுறலாமே? அடுத்த தைக்கு நிதானமாச் செய்யலாம்.

ஓடுமேய்ச்சல்

மேலே விரிக்க வேண்டாம் அண்ணே. காத்துல உப்பி அடிச்சு நல்லா இருக்கிற ஓட்டையும் இழுத்துட்டு வரும், மூட்டையோட கனத்துல இத்துப்போன ரீப்பர் முறியும். அவசரத்துக்குன்னா உள்பக்கம் கைமரத்துக்கு அடியில, வளவு வாசலைப் பார்த்துச் சரிவாக் கட்டுங்க, தண்ணி வாசல்ல விழட்டும். ஒரு மழைக்கு அது தாங்கும். மழை விட்டதும் அவிழ்த்துருங்க, இல்லாட்டா மரத்துக்குக் காத்துப் படாம பூஞ்சை பிடிக்கும்.

வளவுச்சாவி
ஆடி 9

சலதாரையில பிளாச்சு 11 அடியில தட்டுது, வெளிவாய் ரோட்டுக்கு அடியில. நீங்க சொன்ன மாதிரியேதான். இருட்டுல நின்னு பார்த்ததுல மேற்குப் பத்தியில 23 புள்ளி. மூணு வழியில ரெண்டு வழிக்கு ஆள் கிடைச்சாச்சு.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, மட்டப்பாவுக்கு என்ன செய்யறது, கொத்தனார் சிமென்ட் பூச்சு, இல்லாட்டா மொத்தமா கான்கிரீட்ங்கிறார். ரெண்டு, ஒழுகுற இடத்துல ஒண்ணு நடு வழிக்காரங்க பூட்டி வச்சிருக்கிற அறைக்கு மேலே. திறக்கவே தயக்கமா இருக்கு.

சுண்ணாம்புச்சாந்து

கான்கிரீட்டுக்கு உறுதியா வேண்டாம்னு சொல்லிருங்க. நாலு அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ கனம். வளவுத் தூணும் அதோட தலையில இருக்கிற போதிகைக்கட்டையும் உத்திரமும் ஓட்டுப் பாரத்துக்கு வச்சது. சுவர் அகலமா இருக்கேன்னு நினைக்கலாம், உள்ளே சுண்ணாம்புச் சாந்துல கட்டின செங்கல், ஓரத்துல வந்து குத்துற கனத்தை அது விரும்பாது. சிமென்ட் பூச்சும் வேண்டாம். சுண்ணாம்பு, வாங்கின ஈரத்தைத் திருப்பி வெளியே விடும். சிமென்ட் போட்டு மூடினா ஈரம் உள்ளேயே சிக்கி, உப்புப் பூத்து, ரெண்டு மூணு மழையில பூச்சும் விழும், அது பிடிச்ச செங்கல் மேல்தோலும் கூடவே வரும். ஈரம் சிக்குற இடத்துல மரத்து முனைதான் முதல்ல இத்துப்போகும்.

நம்ம மட்டப்பா எப்படி இருக்குன்னா, கீழே மரச்சட்டம், அது மேலே மெல்லிய செங்கல் குத்துக்கல்லா, அது மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடிச்ச தளம், உச்சியில தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. ஒழுகறது பெரும்பாலும் தட்டோட்டு இணைப்புலதான். இணைப்பை ஒரு அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, துடைப்பத்தால தூசி எடுத்து, முந்தின ராத்திரியே தண்ணி ஊத்தி ஊற விடுங்க. காய்ஞ்ச தட்டோடு சாந்தோட தண்ணியை உறிஞ்சிரும், பிறகு சாந்து பொடியாத்தான் உதிரும்.

சாந்து: நீத்த (தண்ணியில போட்டு அவிச்ச) சுண்ணாம்பு 1, சலிச்ச செங்கல் பொடி 2. சுண்ணாம்பு குறைஞ்சது 15 நாள் தண்ணிக்குள்ள ஊறியிருக்கணும். நீத்தாத கட்டி ஒண்ணு உள்ளே இருந்தாலும் பூசின பிறகு ஊதி வெடிக்கும். கலக்கறதுக்குக் கடுக்காய் கருப்பட்டித் தண்ணி: 20 லிட்டருக்குக் கருப்பட்டி 600 கிராம், கொட்டை நீக்கி இடிச்ச கடுக்காய் 300 கிராம், நாலு நாள் ஊறல். கொத்தனார் கைப்பழக்கத்துக்கு இந்த அளவு கொஞ்சம் மாறும், பரவாயில்ல. கருப்பட்டி ரொம்பப் போனா எறும்பு வரும், பிசுபிசுன்னு நிக்கும். அடைச்ச பிறகு ஈரச்சாக்கு மூடி பத்து நாள் காயாமப் பார்த்துக்கணும். வெயில்ல ஒரே நாள்ல காய்ஞ்சா மயிர்க்கோடு விடும்.

சுண்ணாம்பு நீத்தும்போது கவனம். தண்ணியில சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும், சுண்ணாம்பு மேலே தண்ணியைக் கொட்டினா கொதிச்சு முகத்துல அடிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகும், இரும்பு டிரம் அல்லது குழி. கண்ணாடி போடாம யாரையும் கிட்ட விடாதீங்க.

இதைப் புரட்டாசியில ஆரம்பிக்காதீங்க. சாந்து இறுகும் முன்னே மழை அடிச்சா கரைஞ்சு ஓடும். ஆவணி பாதிக்குள்ள முடிஞ்சாச் செய்ங்க, இல்லாட்டா தை பிறக்கட்டும். ஆனா அரசங்கன்னு ரெண்டையும் இப்பவே எடுக்கணும். வெட்டி விட்டா வேர் இன்னும் தடிச்சு வரும். வேர் போற வழியில நாலஞ்சு கல்லைப் பிரிக்க வேண்டி வந்தாலும் பிரிச்சு, வேரை முழுசா உருவி, அந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தாலே மூடுங்க.

ஒண்ணு மனசார வேண்டிக் கேட்டுக்கிறேன். வளவுச் சுவர்ல பளபளன்னு இருக்கிற வெள்ளைப் பூச்சும், தரையில ஆத்தங்குடிக் கல்லும் (பூப்போட்ட சிமென்ட் தரைக்கல்) இருந்தா, வேலையாள் கறை எடுக்கிறேன்னு ஆசிட் ஊத்த விடாதீங்க. ரெண்டும் அதோட முடிஞ்சது. வேலை தொடங்கும் முன்னே தரையில சாக்கு விரிச்சு அது மேலே பலகை போட்டுருங்க.

பங்குக்கணக்கு

பூட்டின அறை: தயங்குறது சரிதான், தனியாத் திறக்காதீங்க. நடு வழிக்காரர் வீடியோ காலில் இருக்கட்டும், இங்க அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் சாட்சியா நிக்கட்டும். பூட்டைத் திறக்கிறதுல இருந்து மறுபடி பூட்டுற வரைக்கும் ஒரே ஓட்டமாப் பதிவு பண்ணுங்க. பெட்டகம், வெங்கலச் சாமான் எதையும் நகர்த்தாம மேலே பாய் போட்டு மூடுங்க, நகர்த்தித்தான் ஆகணும்னா அவரே எங்க வைக்கணும்னு சொல்லட்டும்.

அதோட, ஆள் உள்ளே வர்றதுக்கு முன்னே மொத்த வீட்டுக்கும் ஒரு பட்டியல் எடுத்துருங்க. தூண் எத்தனை, நிலை எத்தனை, கதவுல வெங்கலக் குமிழ் எத்தனை, விளக்கு, ஊஞ்சல் பலகை, போட்டோவோட. குழுவுல அன்னைக்கே போட்டுருங்க. பத்து வருஷம் கழிச்சு "அங்க ஒரு பெட்டி இருந்துச்சே"ன்னு யாரும் உங்களைக் கேட்கக்கூடாது.

வெளிவாய் ரோட்டுக்கு அடியில போயிருந்தா அதைத் தோண்ட பேரூராட்சிக்கு மனு கொடுக்கணும். அதை மூணு வழி ஆளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. ஒருத்தர் பேர்ல போற மனுவுக்கும் மூணு பேர் போட்டதுக்கும் பதில் வர்ற வேகம் வேற.

தேவகோட்டைரஸ்தா

ஏறுறதைப் பத்தி யாரும் சொல்லல, அதனால நான். பூட்டிக் கிடந்த வீட்டு ஓட்டுக்கடியில கதண்டுக் (பெரிய விஷக்குளவி) கூடு, பாம்பு ரெண்டும் இருக்கும். முதல் நாள் காலை வெளிச்சத்துல கீழே இருந்து நல்லாப் பார்த்துட்டுத்தான் ஆளை ஏத்தணும். கதண்டு இருந்தா தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்க, தீப்பந்தம் காட்டாதீங்க, மேலே இருக்கிறது முழுக்க காய்ஞ்ச தேக்கு.

மெயின் சுவிட்சை இறக்கிட்டு ஏறணும். ஈரம் பட்ட சுவர்ல பழைய வயரிங், சொல்லவே வேண்டாம். ஓட்டு மேலே கால் வைக்கிறவர் பலகை போட்டு, கைமரத்துக்கு நேரா மிதிக்கணும். கைமரம் தாங்குமான்னு முன்னாடியே கீழே இருந்து திருப்புளியால (ஸ்க்ரூ டிரைவரால) குத்திப் பாருங்க, முக்கியமா சுவருக்குள்ள போற முனை. கால் அங்குலத்துக்கு மேல இறங்கினா அந்த இடத்துக்கு முட்டுக் கொடுக்காம யாரும் ஏறக்கூடாது. மழை பெய்ஞ்ச மறுநாள் ஏத்தாதீங்க, பாசி வழுக்கும். ஒருத்தர் மேலே இருந்தா ஒருத்தர் ஏணியடியில, எப்பவும்.

வளவுச்சாவி
ஆடி 17

இளையவர் வழியில அத்தை ஒருத்தவங்க பினாங்குல இருந்து பேசினாங்க. கடிதத்துல ரெண்டாவது வரியை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க, ராத்திரியே கையெழுத்து வந்துருச்சு. தினமும் போன்ல பேசற வேலையையும் அவங்களே கேட்டு வாங்கிக்கிட்டாங்க. கடிதம் இதுவரை 12 வந்திருக்கு. பேரூராட்சி மனுவுல மூணு வழிக் கையெழுத்தும் இருக்கு. ஓட்டு ஆள் ஆடிப்பெருக்கு முடிஞ்ச மறுநாள் வர்றேன்னுட்டார், முதல் நாளைக்கு நம்பர் 1-ல இருந்து 6 வரைக்கும்தான் பிரிக்கணும்னு சொல்லிட்டேன். பழைய ஓடு கொத்தமங்கலத்துல இடிக்கிற வீட்டுல கிடைக்குதாம், நாளைக்கு எங்க ஓடு ஒண்ணை எடுத்துட்டுப் போய்ப் பார்க்கிறேன். எத்தனை உபரியா வாங்கி வச்சுக்கலாம்?

ஓடுமேய்ச்சல்

23 புள்ளிக்கு, சுத்தி ரெண்டு வரிசை சேர்த்துப் பிரிப்பீங்க. எண்ணிக்கையில வர்றதுக்கு மேலே நூத்துக்கு இருபது வாங்கிருங்க, மிச்சத்தை மூணாம் கட்டுல சுவரோரமா நிறுத்தி அடுக்குங்க, படுக்க வச்சா அடியில இருக்கிறது விரியும். ஒவ்வொண்ணையும் விரல் மூட்டால தட்டிப் பார்த்து எடுங்க. கணீர்னு கேட்கணும். மொத்தையாக் கேட்டா உள்ளே விரிசல்.